அவசரப் பூட்டு ரிப்பேருக்கு அநியாயக் கட்டணமா? டர்பனில் வாடகைக்கு இருப்போருக்கான முழுமையான வழிகாட்டி

புரட்டாசிச் சனிக்கிழமை இரவு கோயிலிலிருந்து திரும்பி வந்து, சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டோம் என்று வாசற்படியில் நின்று உணரும்போது எவரும் சட்டப் புத்தகத்தைப் புரட்டுவதில்லை. கைப்பேசியில் முதலில் கிடைக்கும் எண்ணை அழைக்கிறோம். ‘கால்-அவுட் (ஆள் வருவதற்கான கட்டணம்) 450 ரேண்ட்தான்’ என்கிறார்கள். முக்கால் மணி நேரம் கழித்து வருபவர் டிரில்லை எடுத்துப் பூட்டைத் துளைத்து, சாவி நுழையும் உள்பாகமான சிலிண்டரைப் புதிதாகப் பொருத்தி, 3,910 ரேண்டுக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கிறார். சாட்ஸ்வர்த்தில் ஒரு வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருக்கும் என் பெரியம்மாவுக்கு நடந்தது இதுதான். அவருக்காக நான் அலைந்ததில் கற்றுக்கொண்டவற்றை, தென்னாப்பிரிக்கச் சட்டம் சொல்வதோடு சேர்த்து, செய்யவேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பூட்டுக்காரர் எவ்வளவு வாங்கலாம் என்று இந்த நாட்டில் எந்தச் சட்டமும் விலைப்பட்டியல் போட்டு வைத்திருக்கவில்லை. ஆகவே ‘இது அதிகம்’ என்று மட்டும் சொல்லும் முறையீடு பெரும்பாலும் எங்கும் போய்ச் சேராது. ‘இந்தத் தொகைக்கு நான் ஒப்புக்கொள்ளவே இல்லை’, ‘இந்த வேலை தேவைப்படவே இல்லை’ என்று காட்டும் முறையீட்டுக்குத்தான் பலம் உண்டு. கீழே சொல்லப்போகும் எல்லாமே அந்த இரண்டில் ஒன்றை நிரூபிப்பதற்கான ஏற்பாடுகள்தான்.

முதற்படி: பூட்டுக்காரரை அழைத்தது யார்?

இந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது. யாரோடு வழக்கு, எங்கே முறையீடு என்பதெல்லாம் இதில்தான் தீர்மானமாகிறது. நீங்களே அழைத்து நீங்களே பணம் கொடுத்திருந்தால், ஒப்பந்தம் உங்களுக்கும் பூட்டுக்காரருக்கும் இடையில் உள்ளது. 2008ஆம் ஆண்டின் 68ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குத் துணை நிற்கும். வீட்டுக்காரரோ அவருடைய ஏஜெண்டோ ஆளை அனுப்பி, பிறகு அந்தச் சீட்டை உங்கள் தலையில் கட்டினால், பூட்டுக்காரரிடம் நீங்கள் சண்டை போடுவதில் பயனில்லை. அந்த வழக்கு உங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் இடையிலானது. அதற்குரிய சட்டம் 1999ஆம் ஆண்டின் 50ஆம் எண் வாடகை வீட்டுவசதிச் சட்டம்.

மூன்றாவதாக ஒரு நிலையும் உண்டு. பூட்டு கெட்டது உங்கள் தவறால் அல்ல, ஆனால் வீட்டுக்காரர் போனை எடுக்காததால் நீங்களே ஆளை அழைக்க வேண்டியதாயிற்று என்றால், இரண்டு பேரிடமும் உங்களுக்குப் பேச்சு இருக்கிறது. கட்டணம் நியாயமா என்பது பூட்டுக்காரரோடு. அந்த நியாயமான கட்டணத்தை யார் சுமப்பது என்பது வீட்டுக்காரரோடு. இரண்டையும் ஒரே கடிதத்தில் போட்டுக் குழப்பாதீர்கள்.

வீட்டுக்காரரே உங்களை வெளியேற்றுவதற்காகப் பூட்டை மாற்றிவிட்டார் என்றால் அது கட்டணத் தகராறே அல்ல. நீதிமன்ற உத்தரவில்லாமல் குடியிருப்பவரைப் பூட்டி வெளியே நிறுத்துவது வாடகை வீட்டுவசதிச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி குற்றம். நேராகக் காவல் நிலையத்துக்கும் வாடகை வீட்டுவசதித் தீர்ப்பாயத்துக்கும் போங்கள்.

இரண்டாம் படி: பூட்டுக்கு என்ன ஆயிற்று என்பதை எழுதி வைத்தல்

சாவியைத் தொலைத்தால் செலவு குடியிருப்பவருடையது. இதில் வாதம் செய்ய இடமில்லை. வீட்டுக்காரர் வைப்புத்தொகையிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியவற்றுள் தொலைந்த சாவிக்கான செலவையும் வாடகை வீட்டுவசதிச் சட்டத்தின் 5ஆம் பிரிவு பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆனால் பூட்டு தேய்ந்து சாவி உள்ளேயே முறிந்தாலோ, துரு ஏறி இறுகிவிட்டாலோ அது இயல்பான தேய்மானம். ப்ளஃப், ஐசிபிங்கோ, அமன்ஸிம்டோட்டி போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று பூட்டை உள்ளிருந்தே தின்றுவிடும். வெளியில் பித்தளை பளபளக்க, உள்ளே இருக்கும் எஃகுச் சுருள்வில் பொடியாகியிருக்கும். குடியிருக்கத் தகுந்த நிலையில் வீட்டை வைத்திருப்பது வீட்டுக்காரரின் கடமை என்பதால், இத்தகைய செலவை அவர்தான் ஏற்க வேண்டும். திருட்டு முயற்சியில் உடைந்த பூட்டு என்றால் காவல் நிலையத்தில் வழக்கு எண் வாங்கி வையுங்கள். வீட்டுக்காரரின் காப்பீட்டுக்கும் அது தேவைப்படும்.

அடுத்து, கதவு எப்படிப் பூட்டியிருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கதவைச் சாத்தினதும் தானாகவே நாக்கு விழும் பூட்டுக்கும், சாவியைத் திருப்பிப் பூட்டிய பூட்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. சாத்திய கதவை, சாவி திருப்பப்படாத நிலையில், கைத்திறன் உள்ள பூட்டுக்காரர் பெரும்பாலும் எதையும் உடைக்காமல் திறந்துவிடுவார். இங்கே பழைய வீடுகளில் பரவலாக உள்ள, கதவின் விளிம்புக்குள் பதிக்கப்படும் இரண்டு லீவர், மூன்று லீவர் மார்ட்டிஸ் பூட்டுகளும் (லீவர் என்பது சாவி உயர்த்தும் உள்தகடு) திறக்கக் கடினமானவை அல்ல. துளையிடுவது கடைசி வழி. ஆனால் துளையிட்டால்தான் புதிய சிலிண்டர் விற்க முடியும். என் பெரியம்மா கதவைச் சாத்தினாரேயொழியப் பூட்டவில்லை. அந்த ஒரு விவரம்தான் பிறகு எங்கள் கடிதத்தின் முதுகெலும்பாக நின்றது.

மூன்றாம் படி: ஆள் வாசலில் நிற்கும்போதே செய்யவேண்டியவை

ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டவர்கள் இதைத் தாண்டிச் செல்லலாம்; ஆனால் இதைப் படித்து வைத்திருந்தால் அடுத்த முறை பாதி வழி நடந்து முடிந்திருக்கும்.

வேலை தொடங்குமுன் மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள், வாட்ஸ்அப்பில் எழுதியே கேளுங்கள். இதற்கு ஒரு சட்டக் காரணம் இருக்கிறது. பலரும் இதைத் தவறாகப் புரிந்துகொள்வதால் சற்று விரித்துச் சொல்கிறேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, மதிப்பீடு கொடுத்து நுகர்வோரின் சம்மதம் பெறாமல் பழுதுபார்ப்பவர் கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பு எல்லா நேரத்திலும் தானாக வந்துவிடுவதில்லை. வண்டியையோ டிவியையோ பட்டறையில் ஒப்படைக்கும்போது, பொருள் அவர்கள் கைக்குப் போவதால் பிரிவு தானே பொருந்துகிறது. பூட்டுக்காரரோ உங்கள் வீட்டு வாசலுக்கு வருகிறார். பொருள் அவர் கைக்குப் போவதில்லை. அத்தகைய வேலையில், தொடங்குமுன் நீங்கள் மதிப்பீடு கேட்டிருந்தால்தான் 15ஆம் பிரிவு உங்களுக்குக் கை கொடுக்கும். ‘எவ்வளவு ஆகும்?’ என்ற ஒரு வரிக்கு இவ்வளவு பெறுமதி இருக்கிறது. மதிப்பீடு கொடுத்த பிறகு அதற்கு மேல் வாங்க வேண்டுமானால், கூடுதல் தொகையைச் சொல்லி மீண்டும் உங்கள் சம்மதத்தைப் பெற வேண்டும். ‘இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது’ என்று நீங்களே ஓர் எல்லை வைத்து அனுமதி தரவும் சட்டத்தில் இடம் உண்டு. இரவு நேரத்தில் இதைவிட எளிய தற்காப்பு வேறில்லை என்பது என் எண்ணம்.

பெயரையும் பதிவு எண்ணையும் கேளுங்கள். 2001ஆம் ஆண்டின் 56ஆம் எண் தனியார் பாதுகாப்புத் துறை ஒழுங்குமுறைச் சட்டம், பூட்டுக்காரரின் தொழிலையும் பாதுகாப்புச் சேவையாகவே கணக்கிடுகிறது. ஆகவே கூலிக்கு இந்த வேலையைச் செய்பவர் பி.எஸ்.ஐ.ஆர்.ஏ. என்று அழைக்கப்படும் ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில்லாமல் செய்வது குற்றம். பதிவு அட்டையைக் காட்டச் சொன்னால் நல்ல தொழிலாளி கோபப்பட மாட்டார்.

கழற்றிய பழைய சிலிண்டரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 67ஆம் பிரிவின்படி, கழற்றிய பாகங்களைத் தனியே வைத்து, சுத்தமான உறையிலோ பெட்டியிலோ போட்டு உங்களிடம் திருப்பித் தருவது அவர் கடமை. வீடு உங்களுக்குச் சொந்தமாக இருக்க வேண்டியதுகூட இல்லை. உங்கள் பொறுப்பில் இருக்கும் பொருளுக்கும் பிரிவு பொருந்தும். துளையிட்ட சிலிண்டர் உங்கள் கையில் இருந்தால், அது எந்த வகை, துளையிட வேண்டியிருந்ததா என்று இன்னொரு பூட்டுக்காரர் பார்த்துச் சொல்ல முடியும். குப்பையில் போய்விட்டால் அந்தச் சாட்சி போயிற்று. வீட்டுக்காரரிடமும் பிறகு காட்ட வேண்டியிருக்கும்.

பணம் கேட்டு மிரட்டினால், கதவை மறுபடி பூட்டிவிடுவேன் என்று சொன்னால், அங்கேயே நின்று வாதாடாதீர்கள். முடிந்தால் ஒப்புக்கொண்ட தொகையை மட்டும் கொடுத்து மீதிக்குக் கடிதம் எழுதச் சொல்லுங்கள். முழுவதையும் கொடுக்க வேண்டியதானால், சீட்டின் மேல் எதிர்ப்புடன் செலுத்துவதாக ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்திட்டுப் படம் எடுத்து வையுங்கள். மனமொப்பிக் கொடுத்தீர்கள் என்ற பேச்சை அது அடைத்துவிடும். பலவந்தமும் அச்சுறுத்தலும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவில் தனியே தடை செய்யப்பட்டவை. பயம் தரும் அளவுக்குப் போனால் காவல்துறையின் 10111ஐ அழையுங்கள். கையில் நோட்டாகக் கொடுப்பதைத் தவிருங்கள். கார்டோ வங்கிப் பரிமாற்றமோ எதிராளி யார் என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

நான்காம் படி: சீட்டைப் பிரித்துப் படித்தல்

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி நீங்கள் பெறவேண்டிய சீட்டில் அவருடைய பெயர் அல்லது பதிவு செய்த வணிகப் பெயர், முகவரி, நாள், செய்த வேலை, ஒவ்வொன்றின் விலை, வரி, மொத்தம் எல்லாம் இருக்க வேண்டும். ‘வேலை முழுவதும் 3,910’ என்று ஒரே வரியில் எழுதிய சீட்டை ஏற்றுக்கொள்ளாமல், விவரமான சீட்டை எழுத்தில் கேளுங்கள். பெரியம்மாவின் சீட்டு விவரமாக வந்தபோது இப்படி இருந்தது: கால்-அவுட் 450, வேலை நேரத்துக்குப் பிந்திய கட்டணம் 600, துளையிடல் 850, சிலிண்டர் 1,500, ஆக 3,400; அதன் மேல் 15 விழுக்காடு வாட் (மதிப்புக்கூட்டு வரி) 510.

கடைசி வரியிலிருந்து தொடங்குவோம். வாட் பதிவு செய்யாத வணிகர் வாட் வாங்க முடியாது. பதிவு செய்தவரின் எண் சீட்டில் இருக்க வேண்டும். அது 4இல் தொடங்கும் பத்து இலக்க எண், வருமானத் துறையான சார்ஸின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். பதிவு செய்தவரேயானாலும், சொல்லும் விலை வாட்டையும் உள்ளடக்கியதாகவே சட்டப்படி கருதப்படும். 1,800 என்று சொல்லிவிட்டுப் பிறகு 270 சேர்ப்பது ஏற்கத்தக்கதல்ல. பெரியம்மாவின் சீட்டில் வாட் எண்ணே இல்லை.

நேரம் பிந்திய கட்டணம் நியாயமற்றதல்ல. சனிக்கிழமை இரவில் மனிதர் வீட்டை விட்டு வருகிறார். முன்கூட்டியே சொன்னாரா என்பதுதான் கேள்வி. துளையிடல் தேவையில்லாதபோது தேவை என்று சொல்லியிருந்தால், அது பழுது பற்றிய பொய்க்கூற்று; 41ஆம் பிரிவு பொருந்தும். விளம்பரத்தில் ஒரு விலையைக் காட்டி அழைத்துவிட்டு அந்த விலைக்கு வேலையே இல்லை என்றால் 30ஆம் பிரிவைச் சொல்லலாம். நியாயமற்ற விலைக்குச் சேவை வழங்கக் கூடாது என்று 48ஆம் பிரிவும் சொல்கிறது. ஆனால் அதைத் தனியாக நம்பியிருக்காதீர்கள். எது நியாயம் என்பதை ஒப்பிட்டுக் காட்டினால்தான் அது பேசும்.

ஒப்பிட, பதிவுள்ள இரண்டு பூட்டுக்காரர்களிடம் அதே வகைப் பூட்டு, அதே பகுதி, அதே சனிக்கிழமை இரவு நேரம் என்று சொல்லி எழுத்தில் விலை வாங்குங்கள். செவ்வாய்க்கிழமை காலை விலையைக் கொண்டுபோய்க் காட்டினால் எதிராளி சிரிப்பார், சிரிப்பதும் சரிதான். சிலிண்டரின் விலையை ஹார்ட்வேர் கடையில் விசாரித்து ரசீதோடு படம் எடுங்கள். பெரியம்மாவின் கதவில் இருந்த அதே சிலிண்டர் கடையில் 380 ரேண்டுக்குக் கிடைத்தது. வேலை தொடங்குமுன் விலையே பேசப்படவில்லை என்றாலும் இந்த ஒப்பீடு பயன்படும். விலை பேசாத வேலைக்கு நியாயமான கூலி தரவேண்டும் என்பதே பொதுச் சட்டத்தின் நிலை.

ஐந்தாம் படி: எழுத்தில் கோருதல்

போனில் பேசித் தீர்க்கலாம் என்று ஒரு முறை முயலுங்கள். இரண்டாம் முறை வேண்டாம். கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதுவதே நடைமுறைக்கு உகந்தது. சாரம் இப்படி இருக்கலாம்:

“இன்ன நாள் இன்ன நேரத்தில் நான் தொலைபேசியில் கட்டணம் கேட்டபோது 450 ரேண்ட் என்று சொல்லப்பட்டது. வேறு கட்டணம் எதுவும் வேலைக்கு முன் சொல்லப்படவில்லை. நான் சம்மதிக்கவும் இல்லை. கதவு சாத்தியிருந்ததேயன்றிப் பூட்டப்படவில்லை. ஆகவே துளையிடல் தேவைப்படவில்லை. கால்-அவுட் 450, திறந்த வேலைக்கு நியாயமான கூலி இவ்வளவு, சிலிண்டர் 380 ஆகியவற்றை ஏற்கிறேன். மீதி இவ்வளவு ரேண்டை இந்தக் கடிதம் கிடைத்த 14 நாட்களுக்குள் கீழ்க்கண்ட கணக்கில் செலுத்தக் கோருகிறேன். தவறினால் சிறு கோரிக்கை நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பேன்.”

நியாயமானதை ஏற்றுக்கொள்வது பலவீனமல்ல. முழுப் பணத்தையும் திருப்பிக் கேட்பவரைவிட, எண்களோடு மீதியைக் கேட்பவரையே நடுவர் நம்புவார். 14 நாள் கெடு நீதிமன்ற நடைமுறை கேட்பது. அதனால் கடிதத்தை நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள், அல்லது பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வாட்ஸ்அப் குழுக்களில் பெயர் போட்டுத் திட்டுவதை இந்த நாட்களில் அடக்கிக்கொள்ளுங்கள். அவதூறு என்று எதிர்வழக்கு போட இடம் கொடுக்க வேண்டாம்.

ஆறாம் படி: பூட்டுக்காரர் இணங்காவிட்டால்

நுகர்வோர் பொருட்கள் மற்றும் சேவைகளுக்கான குறைதீர்ப்பாளரிடமும், மாகாண நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகத்திடமும் கட்டணமின்றி முறையிடலாம். முகவரியும் பெயரும் உள்ள நிறுவனமென்றால் இவ்வழி நல்லது. கைப்பேசி எண்ணோடு மட்டும் அலையும் தனி ஆளிடம் இவர்களின் கடிதங்கள் பெரிதாக எடுபடுவதில்லை. அங்கே சிறு கோரிக்கை நீதிமன்றமே பொருத்தம் என்று நினைக்கிறேன். பதிவில்லாத பூட்டுக்காரரென்றால் பி.எஸ்.ஐ.ஆர்.ஏ.விடமும் முறையிடுங்கள், பணம் திரும்பாவிட்டாலும் இன்னொருவர் தப்புவார்.

சிறு கோரிக்கை நீதிமன்றத்தில் 2019 ஏப்ரல் 1 முதல் 20,000 ரேண்ட் வரையிலான தொகைக்கு வழக்குத் தொடுக்கலாம். தனிமனிதர்தான் தொடுக்க முடியும். எதிராளி நிறுவனமாகவும் இருக்கலாம். வழக்கறிஞர் எவருக்காகவும் ஆஜராக முடியாது. ஆகவே உங்களைப்போல அவரும் தானே வந்து பேச வேண்டும். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் உள்ள எழுத்தர் அழைப்பாணையை நிரப்ப இலவசமாக உதவுவார். கோரிக்கைக் கடிதம், அது சேர்ந்ததற்கான சான்று, சீட்டு, வாட்ஸ்அப் அச்சுப்படி, ஒப்பீட்டு விலைகள், பழைய சிலிண்டர் ஆகியவற்றோடு போங்கள். மேல்முறையீடு இல்லை என்பதால் எல்லாவற்றையும் முதல் நாளே கொண்டுபோவது அவசியம்.

இதில் பலர் தடுக்கி விழும் இடம் எதிராளியின் முகவரி. முகவரி இல்லாமல் அழைப்பாணையை அவரிடம் சேர்ப்பிக்க முடியாது. வண்டி எண், வங்கிக் கணக்கின் பெயர், நிறுவனப் பதிவு அலுவலகமான சிப்சியின் தேடல், பி.எஸ்.ஐ.ஆர்.ஏ. பதிவு ஆகியவற்றைச் சேர்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். பெரியம்மா விஷயத்தில் வங்கிப் பரிமாற்றத்தில் இருந்த பெயரே போதுமானதாயிற்று. கடிதம் சேர்ந்த ஒன்பதாம் நாள் 1,700 ரேண்ட் திரும்பி வந்தது. நாங்கள் கேட்டதைவிடக் குறைவுதான், ஆனால் நீதிமன்றப் படியேறாமல் முடிந்தது. கடன் கோரிக்கைக்கு மூன்றாண்டுக் காலவரம்பு உண்டு. வாட்ஸ்அப் செய்திகளோ சீக்கிரம் மறைந்துவிடுகின்றன.

ஏழாம் படி: வீட்டுக்காரரிடம் பேசவேண்டிய பகுதி

செலவு வீட்டுக்காரருடையது என்றால், அவரை எத்தனை முறை அழைத்தீர்கள் என்ற கைப்பேசிப் பதிவு, பூட்டின் படம், ரசீது, புதிய சாவியின் ஒரு பிரதி ஆகியவற்றோடு எழுத்தில் கேளுங்கள். புதிய சாவியைக் கொடுக்க மறக்காதீர்கள். அது இல்லாமல் போனால் அனுமதியின்றிப் பூட்டை மாற்றினார் என்ற குற்றச்சாட்டு உங்கள் மேல் திரும்பும். நம்மவரில் பலர் வாய்ப்பேச்சிலேயே பின்கட்டையும் அவுட்பில்டிங்கையும் வாடகைக்கு எடுக்கிறார்கள். எழுத்தில் இல்லாத ஒப்பந்தமும் செல்லும். நீங்கள் கேட்டால் அதை எழுத்தில் தரவேண்டியது வீட்டுக்காரரின் கடமை.

அடுத்த மாத வாடகையில் நீங்களாகவே கழித்துக்கொள்ளாதீர்கள். கழித்தால் வாடகை பாக்கி என்ற பழி உங்கள் மேல் வரும். நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் வீட்டை இழக்கும் வாதத்துக்கு நீங்களே கதவைத் திறந்துவிடுவீர்கள். வீட்டுக்காரர் எழுத்தில் சம்மதம் தந்தால் மட்டும் கழிக்கலாம். இல்லையென்றால் குவாசூலு-நட்டால் வாடகை வீட்டுவசதித் தீர்ப்பாயத்தில் கட்டணமின்றிப் புகார் கொடுங்கள். புகார் பதிவானது முதல் தீர்ப்பு வரும் வரையோ மூன்று மாதம் வரையோ, எது முந்துகிறதோ அதுவரை, உங்களை வெளியேற்ற முடியாது. நீங்களும் வாடகையைத் தவறாமல் செலுத்த வேண்டும். தீர்ப்பாயத்தின் தீர்ப்பு மாஜிஸ்திரேட் நீதிமன்ற உத்தரவுக்கு நிகரானது.

வீட்டுக்காரர் தாமே ஆளை அனுப்பிச் செலவை வைப்புத்தொகையில் பிடிக்கப் போகிறார் என்றால், சட்டம் அவருக்குத் தருவது ‘நியாயமான’ செலவை மட்டுமே. அதற்கான ரசீதுகளை நீங்கள் பார்வையிட அவர் தரவேண்டும். குடிவந்தபோது இருவரும் சேர்ந்து வீட்டைப் பார்வையிட்டுக் குறைகளை எழுதியிருந்தால், ‘முன்கதவுப் பூட்டு இறுக்கம்’ என்று அதில் ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். வெளியேறும்போது, ஒப்பந்தம் முடிவதற்கு முந்திய மூன்று நாட்களுக்குள் மறுபடி சேர்ந்து பார்வையிட வேண்டும். அந்த நாளில் புதிய பூட்டின் எல்லாச் சாவிகளையும் எண்ணிக் கொடுத்து, எண்ணிக்கையை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.